அம்மாவுக்கு ஒரு சின்ன நாய்

அப்பா காலமான பிறகு வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் அம்மா பகல் முழுவதும் தனியாக இருக்க வேண்டியதாயிற்று. வயது 72, முழங்காலில் தீராத வலி. ஆனாலும் துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். "ஒத்தக் கையில தூக்குற மாதிரி இருக்கணும்ப்பா, படியில என்னை இழுத்துத் தள்ளிடக் கூடாது" என்பதுதான் அவர் வைத்த ஒரே நிபந்தனை. அதைக் கேட்டு, நாய் எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணிக்கொண்டு தேடத் தொடங்கியது என்னுடைய பெரிய தவறு.

விளம்பரம் பார்த்து, வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் 'டீகப் பொமரேனியன்' என்று ஒரு குட்டி வாங்கினேன். பேருந்து நிலையத்தில் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதக் குட்டி என்றார்கள், உள்ளங்கையில் அடங்கியது. மூன்றாம் நாள் விடியற்காலையில் அது துவண்டு கிடந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தபோது ஈறு சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கால்நடை மருத்துவர் உடனே குளுக்கோஸ் ஏற்றினார். பற்களைப் பார்த்துவிட்டு, ஆறு வாரம்கூட நிறையாத குட்டி என்றார். அவ்வளவு சிறிய உடலில் சர்க்கரையைச் சேமித்து வைக்க இடமே இல்லை என்றும், சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே இரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வந்துவிடும் என்றும், தாய்ப்பால் மறக்கும் முன்பே பிரித்துவிட்டதால் இதற்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி இல்லை என்றும் விளக்கினார். மறுநாள் இரவு குட்டி இறந்துவிட்டது. அது படுத்திருந்த துண்டை அம்மா துவைத்து மடித்து அலமாரியில் வைத்தார். விற்றவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை.

'டீகப்' என்று ஓர் இனமே கிடையாது என்பதை அந்த மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். நாய் இனங்களைப் பதிவு செய்யும், சென்னையில் தலைமையகம் கொண்ட இந்திய கென்னல் கிளப்பும் அப்படி ஒரு வகையை ஏற்பதில்லை. ஓர் ஈற்றில் நோஞ்சானாகப் பிறந்ததை இன்னொரு நோஞ்சானோடு இணைத்தும், வயது முதிராத குட்டியை முதிர்ந்ததாகச் சொல்லியும் அந்தப் பெயரில் விற்றுவிடுகிறார்கள்.

அடுத்த மூன்று மாதங்கள் ஞாயிறுதோறும் நாய் வளர்க்கும் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். சப்பை மூக்கு இனங்களான பக், ஷிட்ஸூ ஆகியவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். நாய் தன் உடல் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்தே தணித்துக்கொள்கிறது. மூக்கு சப்பையான நாய்க்கு அந்த வழியே குறுகலாக இருக்கிறது. கத்திரி வெயிலில் 105 டிகிரியைத் தாண்டும் வேலூரில், குளிரூட்டி இல்லாத எங்கள் வீட்டில் அதை வைத்துக்கொள்வது கொடுமை. சிவாவா என்னும் மிகச் சிறிய இனம் எனக்கு மிகவும் பிடித்தது. வளர்ந்த பிறகும் 3 கிலோவுக்குள்தான் இருக்கும். குட்டை மயிர் வகை என்பதால் வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆனால் ராணிப்பேட்டையில் நான் பார்த்த குட்டிக்கு, பச்சைக் குழந்தைக்கு இருப்பது போல உச்சிக்குழி மூடாமல் மெத்தென்றிருந்தது. அந்த இனத்தில் இது அடிக்கடி காணப்படுவதுதான். ஆயினும் பேரப்பிள்ளைகள் வந்து ஓடியாடும் வீட்டில், சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் முறியக்கூடிய அவ்வளவு மெல்லிய எலும்புள்ள நாயை அம்மா எப்படிக் காப்பார் என்ற கவலையால் அதை விட்டுவிட்டேன்.

நம் ஊர்களில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்பதும் இந்தத் தேடலில்தான் தெரிந்தது. அசல் பொமரேனியன் சுமார் 2 முதல் 3 கிலோ எடைதான் இருக்கும். இரண்டு அடுக்காக அடர்ந்த மயிர், எளிதில் தளரும் மூச்சுக்குழாய் ஆகிய இரண்டும் அதற்குண்டு. ஸ்பிட்ஸில் சிறிய வகை 5 முதல் 7 கிலோ வரை வரும்; முகம் சற்று நீளம்; தலைமுறை தலைமுறையாக நம் வெப்பத்தில் வளர்ந்து பழகியது. எடையைச் சொன்னதும் அம்மா சற்று யோசித்துவிட்டு, "ரெண்டு கையால தூக்கிக்கிறேன், உசுரோட இருந்தாப் போதும்" என்றார்.

குடியாத்தத்தில் ஒரு வீட்டில் நான்கு குட்டிகள் இருந்தன. எல்லாமே அழகு. தாய் நாயை ஓடவிடச் சொன்னேன். நாலடி ஓடியதும் பின்னங்கால் ஒன்றை மடக்கித் தூக்கிக்கொண்டு தத்தியது. பிறகு காலை உதறிவிட்டு இயல்பாக ஓடியது. "செல்லமா அப்பிடித்தான் ஓடும் சார்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் முட்டிச்சில்லு இடம் நழுவும் நாய் இப்படித்தான் ஓடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். சிறிய இனங்களில் பரவலாக உள்ள இக்குறை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. குட்டிகளைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். வழி நெடுக மனம் கனத்தது.

ஆற்காட்டில் கிடைத்த வீட்டில் தாய், தந்தை இரண்டையும் பார்க்க முடிந்தது. அங்கே விலை அதிகம் சொன்ன மிகச் சிறிய குட்டியை விட்டுவிட்டு, நடுத்தரமான பெண் குட்டி ஒன்றைக் கேட்டேன். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விதிகளிலேயே இருக்கிறது. நாங்கள் 9 வாரம் வரை காத்திருந்தோம். மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே மீதிப் பணம் என்று பேசிக்கொண்டோம். மருத்துவர் குட்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து, பின்னங்காலை நீட்டி, கட்டைவிரலால் முட்டிச்சில்லை உள்ளே தள்ளிப் பார்த்தார். பிறகு என் விரலையும் அதே இடத்தில் வைக்கச் சொன்னார். மிளகளவில் உறுதியாக, அசையாமல் இருந்தது. இதயத்தில் இரைச்சல் இல்லை. தொப்புளில் புடைப்பு இல்லை. உச்சி கெட்டியாக மூடியிருந்தது.

மல்லிக்கு இப்போது ஒன்றரை வயது, எடை 5.6 கிலோ. தடுப்பூசிகள் அனைத்தும் முடியும் வரை தெருவில் இறக்கவே இல்லை. கழுத்துப்பட்டை மூச்சுக்குழாயை அழுத்தும் என்பதால் மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டைதான் போடுகிறோம். விழாமல் நின்ற இரண்டு பால் பற்களை, கருத்தடை அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்தபோதே மருத்துவர் எடுத்துவிட்டார். கோடையில் மயிரை மொட்டையடிக்க வேண்டாம், ஒருமுறை வழித்தால் மீண்டும் சரியாக முளைக்காமலே போகலாம் என்றும் சொன்னார். அதனால் மதியத்தில் கூடத்துத் தரையில் ஈரச் சாக்கு விரித்துவிடுகிறோம். காலை 6 மணிக்கு நடக்கக் கூட்டிப்போகும் முன் அம்மா செருப்பைக் கழற்றி, வெறுங்காலைத் தெருவில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் மல்லியை இறக்கிவிடுகிறார்.