இருக்கும் கோப்பை இல்லை என்ற கம்பைலர்

பத்து ஆண்டுகளுக்கு மேலாக யாரும் தொடாத ஒரு சி நிரலை, டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நேரே நிறுவக்கூடிய பொதியாக்க உட்கார்ந்தேன். எந்தக் கணினி எத்தனை பைட் அனுப்பியது, பெற்றது என்று கணக்குக் காட்டும் சிறிய கருவி அது. கணினியில் என்ன எங்கே இருக்கிறது என்று தானே கண்டறியும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் எல்லாம் கிடையாது. மூல நிரலை எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைல், எழுதியவர் கைப்பட எழுதியது, ஒன்றுதான் உண்டு. அரை நாள் வேலை என்று கணக்குப் போட்டேன். மேக் என்று தட்டிய மறு நொடியே நின்றது. ஓபன்எஸ்எஸ்எல்/எஸ்எஸ்எல்.எச் என்று ஒரு கோப்பே இல்லையாம்.

முதலில் கோபம்தான் வந்தது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி என் கணினியில் இருக்கிறது. அதை நம்பித்தான் பாதி நிரல்கள் ஓடுகின்றன. ஆனால் ஓடுவதற்கு வேண்டியது வேறு, கம்பைல் செய்வதற்கு வேண்டியது வேறு. லிப்எஸ்எஸ்எல்3 என்ற பொதியில் இருப்பது இயங்கும் லைப்ரரி மட்டும். அந்த லைப்ரரியில் என்னென்ன செயல்கூறுகள் உண்டு, எந்தத் தரவு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகளை டெபியன் தனியே பிரித்து லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்ற பொதியில் வைக்கிறது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் இதே வேலையை டெவெல் என்று முடியும் பொதிகள் செய்கின்றன. ஆர்ச் லினக்ஸில் பொதுவாக இந்தப் பிரிவினையே இல்லை. அங்கிருந்து வருகிறவர்கள் டெபியனில் இந்த இடத்தில்தான் முதலில் திகைப்பார்கள்.

எந்தக் கோப்பு எந்தப் பொதியில் என்று ஊகிக்க நான் இப்போதெல்லாம் முயல்வதில்லை. இசட்லிப்.எச் கோப்புக்கான பொதியின் பெயர் இசட்லிப்1ஜி-டெவ். நடுவில் அந்த 1ஜி வரும் என்று யாருக்குத் தோன்றும்? ஆப்ட்-ஃபைல் என்ற கருவியிடம் பிழைச் செய்தியில் உள்ள பாதையை அப்படியே கொடுத்தால், நிறுவாத பொதிகளையும் சேர்த்துத் தேடிச் சொல்லிவிடும். முதல் முறை அதன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். டிபிகேஜி -எஸ் (பெரிய எஸ்) கட்டளையும் இதே போலத் தோன்றும். ஆனால் அதற்கு ஏற்கெனவே நிறுவியவை மட்டுமே தெரியும்.

அடுத்தது ஜிலிப், சி நிரல்களுக்கான பொதுக் கருவிகள் அடங்கிய லைப்ரரி. டெவ் பொதியைப் போட்டேன். ஜிலிப்.எச் கிடைத்துவிட்டது, ஆனால் அதற்குள்ளிருந்து வேறொரு குரல் வந்தது: ஜிலிப்கான்ஃபிக்.எச் இல்லை. பிழைச் செய்தியின் மேல் வரிகளைப் படித்தால் வழி தெரிகிறது. என் நிரல் ஜிலிப்.எச்-ஐ அழைக்க, அது கல்லோகா.எச்-ஐ அழைக்க, அது ஜிடைப்ஸ்.எச்-ஐ அழைக்க, அங்கே போய் முட்டியிருக்கிறது. நிறுவிய பொதிக்குள் இருக்கும் கோப்பு, அதே பொதியின் இன்னொரு கோப்பைக் காணவில்லை என்கிறது!

ஃபைண்ட் கட்டளையை ஓடவிட்டேன். கோப்பு இருந்தது, /யுஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னு/ஜிலிப்-2.0/இன்க்லூட் என்ற ஆழத்தில். மேக்ஃபைலோ /யுஎஸ்ஆர்/லிப்/ஜிலிப்-2.0/இன்க்லூட் என்ற பழைய முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. 2013-இல் வந்த டெபியன் 7, பல கணினிக் கட்டமைப்புகளுக்கான லைப்ரரிகளை ஒரே கணினியில் வைக்க வழி செய்தது. அந்த மாற்றத்தில் கட்டமைப்புக்கு ஏற்ப மாறும் கோப்புகள் தனி அடைவுகளுக்குக் குடிபெயர்ந்தன. மேக்ஃபைல் எழுதியவருக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

இங்கேதான் நான் ஒரு சோம்பேறித்தனம் செய்தேன். ஜிலிப்கான்ஃபிக்.எச்-ஐ அப்படியே மூல நிரல் இருந்த அடைவுக்குள் நகலெடுத்துப் போட்டேன். மேக்ஃபைலில் நடப்பு அடைவைத் தேடச் சொல்லும் -ஐ கொடி (கம்பைலருக்குத் தரும் குறிப்பு) முதலாவதாக இருந்ததால் உடனே வேலை செய்தது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டேன். சரிசெய்யவும் செய்தேன்: மறுநாள் மேக்ஃபைலில் இருந்த முகவரிகளை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பிகேஜி-கான்ஃபிக்கை அழைக்கும் வரியைப் போட்டேன். எந்தக் கணினியில் ஓடினாலும் ஜிலிப்பின் சரியான முகவரிகளை அதுவே எடுத்துக் கொடுக்கும். நகலை நீக்க மட்டும் மறந்துபோனேன்.

மூன்றாவதாக, வேறு கணினியிலுள்ள செயல்கூறுகளை அழைக்க உதவும் ஆர்பிசி/ஆர்பிசி.எச். பழைய டெபியன்களில் இது சி லைப்ரரியின் டெவ் பொதியோடே வந்துகொண்டிருந்தது. 2020 ஆகஸ்டில் வெளியான ஜிலிப்சி 2.32 (மேலே வந்த ஜிலிப் வேறு; ஜிலிப்சி என்பது அந்த சி லைப்ரரியின் பெயர்) அதை அடியோடு நீக்கிவிட்டது. அதன் இடத்தை லிப்டிஐஆர்பிசி எடுத்துக்கொண்டது. அதன் ஹெடர்கள் டிஐஆர்பிசி என்ற உள் அடைவில் இருப்பதால் இதற்கும் பிகேஜி-கான்ஃபிக் வரி ஒன்று தேவைப்பட்டது. இணைக்கும் கட்டத்திலும் அந்த லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். முன்பு சி லைப்ரரிக்குள்ளேயே இருந்ததால் மேக்ஃபைலில் அந்தப் பேச்சே இல்லை. அதே 2.32-இல் சிஸ்/சிஸ்சிடிஎல்.எச் கோப்பும் போயிற்று. இதற்கு ஆப்ட்-ஃபைலில் உருப்படியான விடை எதுவும் வரவில்லை. நிரலைத் திறந்து பார்த்தேன். அந்த ஹெடரிலிருந்து ஒரு பெயரைக்கூட எவரும் பயன்படுத்தவில்லை. எப்போதோ சேர்த்துவிட்டு மறந்த வரி. அழித்தேன், முடிந்தது. காணாமல்போன ஹெடருக்கு எப்போதும் பொதியைத் தேடி ஓட வேண்டியதில்லை.

என் கணினியில் எல்லாம் கம்பைல் ஆனது. பொதியாக்க எஸ்பில்டிடம் கொடுத்தேன். அது அடிப்படைப் பொதிகள் மட்டுமே உள்ள வெற்று அமைப்பில், கண்ட்ரோல் கோப்பின் பில்ட்-டிபெண்ட்ஸ் வரியில் சொன்னவற்றை மட்டும் நிறுவிக் கம்பைல் செய்யும். கர்சஸ்.எச் இல்லை என்று விழுந்தது. எனக்கு அந்தப் பிழை வரவே இல்லையே! வேறு எதற்காகவோ எப்போதோ அதைத் தரும் லிப்என்கர்சஸ்-டெவ் போட்டிருக்கிறேன், அது என் கணினியிலேயே தங்கிவிட்டது. கண்ணில் பட்ட டெவ் பொதிகளையெல்லாம் அள்ளிப் போட்டுவைத்தால் இதுதான் கதி: நம் கணினி நமக்கே பொய் சொல்லும். பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்ததும் பொதி தயாரானது.

இரண்டு வாரம் கழித்து அதே பொதியை 32 பிட் ஆர்ம் பலகை ஒன்றில் கம்பைல் செய்து ஓடவிட்டேன். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. மாலையில் பார்த்தால் திரையில் எதிர்மறை எண்: பெற்ற பைட்டுகள், கழித்தல் இருநூற்றுச் சொச்சம் கோடி. குறியுள்ள 32 பிட் எண்ணின் உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டியதும் எண்ணி (பைட்டுகளை எண்ணும் மாறி) மறுபக்கம் விழுந்திருக்கிறது. ஆனால் நிரலில் அந்த மாறியின் வகை ஜிஇன்ட்64, ஜிலிப் தரும் 64 பிட் முழு எண். பெயரிலேயே 64 இருக்கிறது.

நிரலின் கணக்கில் தவறைத் தேடி ஒரு முழு இரவு போனது. கடைசியில் ஜிசிசி கம்பைலருக்குப் பெரிய எச் கொடியைக் கொடுத்துக் கம்பைல் செய்தேன். திறக்கும் ஒவ்வொரு ஹெடரின் பாதையையும் அது அச்சிடும். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதற்கு முன்னால் புள்ளிகள் வைக்கும். நீண்ட பட்டியலின் நடுவே, நான்கு புள்ளிகளுக்குப் பின்னால், ./ஜிலிப்கான்ஃபிக்.எச் என்றிருந்தது. பாதையின் தொடக்கத்தில் /யுஎஸ்ஆர் இல்லை. நான் போட்ட நகல்.

பிகேஜி-கான்ஃபிக் சரியான முகவரியைத்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் நடப்பு அடைவின் கொடி அதற்கு முன்னால் நின்றதால் நகல் முந்திக்கொண்டது. அந்தக் கோப்பு 64 பிட் கணினிக்காக உருவானது. அதில் ஜிஇன்ட்64 என்பது சி மொழியின் லாங் வகைக்கு மறுபெயர். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட். 32 பிட் ஆர்மில் 4 பைட்தான். அச்சிடும் வடிவக் குறியீடும் அதே கோப்பிலிருந்து லாங்குக்கு ஏற்றபடி வந்ததால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திப்போய், கம்பைலருக்குச் சந்தேகம் கொள்ளவே இடமில்லாமல் போயிற்று. என் மேசைக் கணினியில் நகலும் மூலமும் ஒன்றே என்பதால் அங்கே எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது.

நகலை நீக்கினேன். மேக் கிளீன் கொடுத்து, பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒன்றும் மிஞ்சவில்லை என்று பார்த்துக்கொண்டு, மறுபடி கம்பைல் செய்தேன். இம்முறை நான்கு புள்ளிகளுக்குப் பின்னால் /யுஎஸ்ஆர்/லிப் என்று தொடங்கியது. மறுநாள் மாலை எண்ணி முந்நூறு கோடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.