மானிட்டர் ஆர்ம் ஆட்டம்: மூன்றாவது சுற்றில் அடங்கியது

தட்டச்சு செய்யும்போது திரை நடுங்கும் தொல்லை ஒருவழியாக ஓய்ந்தது. முழுக்க நின்றுவிட்டது என்றால் பொய். திரையின் மேல்விளிம்பில் 8 மி.மீ. வரை இருந்த ஆட்டம் இப்போது 1 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. எழுத்தை வாசிக்க இடைஞ்சல் இல்லை. திரையைத் தூக்கிப் பிடிக்கும் ஆர்ம் அதேதான், திரையும் அதேதான். மாறியதெல்லாம் மேசையில்.

மேசை 120 × 60 செ.மீ., 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு. இரண்டு ஓரத்திலும் இரும்புக் கால், நடுவில் தாங்கல் கிடையாது. பின்விளிம்பில் கிளாம்ப் (மேலே தகடு, கீழே திருகு வட்டு வைத்துப் பலகையைக் கவ்வும் பிடி) போட்ட கேஸ் ஸ்பிரிங் ஆர்ம், அதில் 27 அங்குலத் திரை. ஆர்ம் வாங்கியவர்கள் பாதிப் பேர் "மூட்டு லூஸ்" என்று அதைத்தான் திட்டுவார்கள். கணக்குப் போட்டால் குற்றவாளி வேறு. திரையும் ஆர்மின் மேற்பகுதியும் சேர்ந்து 6 கிலோ என்று வையுங்கள். அதை 50 செ.மீ. முன்னால் இழுத்து நிறுத்தினால் கிளாம்பின் மேல் விழும் திருப்புவிசை சுமார் 30 நியூட்டன் மீட்டர். கிளாம்பின் மேல்தகட்டு முனைக்கும் அடித்திருகு வட்டுக்கும் நடுவே இருப்பதோ 5 செ.மீ. ஆக, அந்த வட்டு பலகையை ஏறக்குறைய 60 கிலோ எடைக்குச் சமமாக மேல்நோக்கி அழுத்துகிறது. திருகை முறுக்கிய இறுக்கம் அதற்கு மேல் தனி. மரத்தூளும் பசையும் சேர்ந்த பலகை எவ்வளவுதான் தாங்கும்?

எதையும் வாங்கும் முன் ஒரு விரல் சோதனை. கிளாம்பின் மேல்தகடும் பலகையும் சேரும் இடத்தில், இரண்டின் மீதும் பாதிப்பாதி படும்படி விரல்நுனியை வைத்து, மறுகையால் திரையை லேசாகத் தட்டுங்கள். தகடுக்கும் பலகைக்கும் இடையே நகர்வு தெரிந்தால் கிளாம்ப் பிடி சரியில்லை. இரண்டும் சேர்ந்தே எழுந்து தாழ்ந்தால் பலகை வளைகிறது. இரண்டும் சும்மா இருக்க திரை மட்டும் ஆடினால்தான் ஆர்ம் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

முதல் சுற்றில், கிளாம்புக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் வலுவூட்டல் தகடு. மேலே 15 × 12 செ.மீ., கீழே 12 × 8 செ.மீ., இரண்டும் 3 மி.மீ. இரும்பு. பலகையில் பள்ளம் விழுவது நின்றது, ஆட்டம் பாதிகூடக் குறையவில்லை. காரணம் அசட்டுத்தனமானது: ரெடிமேடாகக் கிடைக்கும் வலுவூட்டல் தகடுகளில் பலகைப் பக்கம் மெத்தென்று ஃபோம் ஒட்டியிருக்கிறார்கள். கீறல் விழாமல் இருக்கவாம். அந்த ஃபோமே ஒரு ஸ்பிரிங். உரித்துவிட்டு 1 மி.மீ. கார்க் ஷீட் ஒட்டியதும் தகடு அசையாமல் உட்கார்ந்தது. வெல்டிங் பட்டறையில் வெட்டி வாங்கினால் கனம் நம் விருப்பம். ஓரத்துப் பிசிறை அரம் போட்டு எடுக்காவிட்டால் கேபிளையும் கையையும் பதம் பார்க்கும்.

மறுபடி விரல் சோதனை. இந்த முறை தகடும் பலகையும் சேர்ந்தே ஆடின. பலகை வளைகிறது என்று அர்த்தம். இரண்டாவது சுற்றில் 25 × 25 × 3 மி.மீ. எல்-ஆங்கிளை (எல் வடிவ இரும்புச் சட்டம்) பின்விளிம்புக்கு இணையாக, கால் முதல் கால் வரை முடுக்கியாயிற்று. எல்லாரும் செய்வது இதுதான். பலன் அரைகுறை. பின்விளிம்பு தொய்வது நின்றதே தவிர, பலகை அந்த இடத்தில் முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்வதை ஆங்கிள் தடுக்கவில்லை. எல்-வடிவத்துக்கு வளைவைத் தாங்கும் பலம் உண்டு, முறுக்கைத் தாங்கும் பலம் சொற்பம். திரை நம்மை நோக்கித் தலையாட்டுகிறது என்றால், அந்தத் திசையில் நீளும் தாங்கல் வேண்டும்.

மூன்றாவது சுற்று அதுதான். 40 × 20 மி.மீ. பாக்ஸ் பைப் (செவ்வக வடிவ இரும்புக் குழாய்), 1.5 மி.மீ. கனம், 45 செ.மீ. நீளம். ஆங்கிளைக் கழற்றிவிட்டு, பின்விளிம்பிலிருந்து உட்கார்பவர் பக்கமாக, சரியாகக் கிளாம்புக்குக் கீழே, படுக்கைவாட்டில். படுக்கையாகப் போட்டால் முழங்காலுக்கு 20 மி.மீ. மட்டுமே இழப்பு. பைப்பின் அடிமுகத்தில் 10 மி.மீ. துளை (ஸ்க்ரூடிரைவர் நுழைய), மேல்முகத்தில் 5 மி.மீ. துளை, 10 செ.மீ.க்கு ஒன்று. ஸ்க்ரூ 16 மி.மீ. நீளம், 20 போட்டால் பலகையின் மேல்பக்கம் முளைத்துவிடும். பலகையில் 2.5 மி.மீ. முன்துளை கட்டாயம், இல்லையென்றால் தூள் பெயர்ந்து பிடியே இருக்காது. கையால்தான் முறுக்க வேண்டும், டிரில் மெஷின் வேண்டாம்.

ஒன்றை மறந்தால் எல்லாம் வீண்: கிளாம்ப் வட்டு அழுத்தும் முனையில் பைப் வெறுமையாக இருந்தால் நசுங்கும். 10 செ.மீ. மரத்துண்டை உள்ளளவுக்கு, அதாவது 37 × 17 மி.மீ.க்கு, இழைத்துத் தட்டி இறக்குங்கள். கீழ்த்தகடு இனி தேவையில்லை. தகடு, கார்க், பலகை, பைப் சேர்ந்து 42 மி.மீ. ஆகிறது, உங்கள் கிளாம்பின் வாய் அவ்வளவு திறக்குமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

திரையின் எடைக்கு ஏற்ப ஆர்ம் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்வது தெரிந்ததுதான்: ஆர்மைத் தரைக்கு இணையாக நிறுத்திவிட்டு அலன் கீயை (அறுகோண முனைச் சாவி) திருப்புவது. திரையைக் கழற்றும்போது மட்டும் ஆர்மை உச்சிக்கு ஏற்றிவிட்டுக் கழற்றுங்கள். பாரம் போனதும் அது சீறி எழும், முகவாய் பத்திரம். திரைக்குப் பின்னால் போகும் எம்4 (4 மி.மீ. தடிமன்) ஸ்க்ரூவும் அளவு பார்த்துத்தான். ஸ்பேசர் (இடைவெளி விடும் சிறு குழல்) போடாத இடத்தில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் உள்ளே எதையாவது குத்திவிடும்.

அடுத்தது வெளிச்சம். 24 வோல்ட் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப், 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு), அலுமினியச் சானலில். மேசைமேல் விழும் வெளிச்சம் 500 லக்ஸ் வந்தால் போதும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்தான் தலைவலி: பல டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன, போன் கேமராவின் ஸ்லோமோஷனில் பார்த்தால் பட்டை பட்டையாகத் தெரிகிறது. மினுக்காத ஒன்று கிடைத்தால் எழுதுகிறேன்.

மேசைக்கு அடியில் கேபிள்களைத் தாங்கும் கேபிள் டிரே இன்னும் மாட்டவில்லை. ஆர்ம் முழுசாக நீண்டாலும் இழுபடாத அளவுக்கு மூட்டுகளில் கேபிளைச் சுருள் விட்டு, வெல்க்ரோ கட்டியதோடு நிற்கிறது. டிரே வரவேண்டிய இடத்தில் இப்போது பைப் குறுக்கே போகிறது. 80 செ.மீ. டிரேயை இரண்டாக வெட்டி இரு பக்கமும் மாட்ட வேண்டியதுதான்.