மேலே 168, கீழே 72

அம்மாவுக்கு 71 வயது. பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில்தான் இருக்கிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து அட்டையில் எழுதி, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார். 2021-இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். எங்களைப் போன்ற ஊர்களுக்குப் பெரிய உதவி.

அட்டையில் 168/72 என்று இருந்தது. “கீழ் பிரஷர் நல்லாத்தான் இருக்குது கண்ணு” என்றார் அம்மா. ஊரில் எல்லோரும் இப்படித்தான் தேற்றிக்கொள்கிறார்கள். மேலே ஏறும்போது கீழே இறங்குவது நல்ல சேதி இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 120/80 என்றால் 40. அம்மாவுக்கு 96. வயதானவர்களுக்கு 60-ஐத் தொட்டாலே தமனி கெட்டிப்பட்டிருக்கலாம் என்று ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி 2013-லேயே சொன்னது. இதயத்திலிருந்து ரத்தம் கிளம்பும் பெரிய குழாயான பெருந்தமனியின் சுவரில், இழுத்தால் நீண்டு திரும்பச் சுருங்கும் எலாஸ்டின் என்ற நார் இருக்கிறது. வளர்ந்து முடித்த பிறகு உடம்பு அதைப் புதிதாகச் செய்வது அரிது. அது தேயத் தேய கொலாஜன் என்ற விறைப்பான நார் கூடுகிறது, சுண்ணாம்பும் படிகிறது. வெயிலில் கிடந்து விறைத்த ஓஸ் மாதிரி ஆகிவிடும். இதயம் தள்ளும்போது விரியாது, அதனால் மேல் அளவு எகிறும். விரியாதது சுருங்கியும் தள்ளாது, அதனால் கீழ் அளவு விழும். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் போவதே, இதயம் தளர்ந்திருக்கும் அந்தக் கீழ் அளவு நேரத்தில்தான்.

தம்பி பெங்களூருக்குக் கூட்டிப்போய் நாடி அலை வேகம், அதாவது இதயத் துடிப்பு கிளப்பும் அலை தமனியில் ஓடும் வேகம், பார்க்க வைத்தான். ஊசி கிடையாது. பத்து நிமிடம் படுக்க வைத்து, பேனா போன்ற கருவியைக் கழுத்து நாடியிலும் தொடையிடுக்கு நாடியிலும் வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே டேப் வைத்ததில் 60 செ.மீ. அதில் எண்பது சதவீதம்தான் கணக்கு, அதாவது 48 செ.மீ. அலை அதைக் கடக்க எடுத்தது 40 மில்லி விநாடி. வேகம் விநாடிக்கு 12 மீட்டர். 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இறுகிய குழாயில் அலை வேகமாக ஓடும், அவ்வளவுதான் தத்துவம்.

இறுக்கத்துக்கென்று தனி மாத்திரை இல்லை. பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றினார். அப்புறம் நடை, உப்பைக் குறைப்பது. களிக்குத் தொட்டுக்கொள்ளும் மாங்காய் ஊறுகாயை விடவைப்பதுதான் பெரும்பாடு!

அந்தச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டியதில்லை. அந்த நேரத்துப் பிரஷரைப் பொறுத்தே வேகமும் மாறும் என்பதால், ஒரு முறை வந்த எண்ணை வைத்துப் பதறவும் கூடாது. வீட்டில் நாங்கள் காலையில் மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின் இரண்டு தடவை பார்க்கிறோம். மேல், கீழ், அதற்கடுத்த கட்டத்தில் இடைவெளி. டாக்டர் முதலில் பார்ப்பது அந்த மூன்றாவது கட்டத்தைத்தான்.

இன்னொன்று. ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் அம்மா குடித்ததெல்லாம் கிணறும் போரும்தான். இங்கே அதில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் ஃபுளோரோசிஸ் உள்ளவர்களுக்குப் பெருந்தமனியின் நெகிழ்வு குறைந்திருந்ததாகத் துருக்கி ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. சிறிய ஆய்வு, அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் தர்மபுரி மருத்துவக் கல்லூரி மாணவர் யாராவது இதைப் படித்தால், நம் ஊர்ப் பெரியவர்களிடம் அளந்து பாருங்கள். எங்கள் அம்மா முதல் ஆளாக வருவார்.