தடைக்காலத்தில் கரையேறிய மரப்படகு

ஏப்ரல் 16
கிழக்குக் கரைத் தடைக்காலம் நேற்றுத் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள். 42 அடி விசைப்படகு. ஐஸ், வலை, டீசல் எல்லாம் இறக்கிய பிறகே இழுப்பு. பாதி வழியில் பனந்தடி உருளைகள் ஈரமணலில் புதைந்துவிட்டன. அடியில் பலகைத் தடம் போடாதது தப்பு. உருளை நின்ற பிறகும் வின்ச் இழுத்துக்கொண்டே இருந்தது. வடம் அணியத்துக் கட்டையில் (படகின் முன்முனைக் கட்டை) மாட்டியிருந்ததால், அந்தக் கட்டை ஏராவோடு (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) சேரும் மூட்டு 2 நூல் (கால் அங்குலம்) வாய் பிளந்துவிட்டது. வடத்தைப் படகின் பின்புறம் சுற்றிக் கொண்டுவந்தால் மூட்டு இறுகுமே தவிர விரியாது.

படகடியில் ஒட்டி வளர்ந்த ஓட்டு உயிரியான கொட்டலசை அன்றைக்கே சுரண்டியாயிற்று. ஒரு நாள் காயவிட்டால் சிமென்ட்தான்.

ஏப்ரல் 19
சுத்தியலால் தட்டியதில் மூன்று பலகை 'சொத்' என்கிறது. வெளியே குண்டூசித் தலையளவு துளை. உளியால் பிளந்தால் சுண்டுவிரல் நுழையும் குடைவு, உட்சுவரில் வெள்ளைச் சுண்ணப் பூச்சு. இப்படி மரத்தைக் குடைவதைப் புழு என்கிறோம், உண்மையில் சிப்பி இனம். மூன்றுமே ஏராவை ஒட்டிப் பழைய பைபர் பூச்சு கிழிந்த இடத்துப் பலகைகள்.

ஏப்ரல் 26
பலகையைக் கழற்றினால் ஆணிகள் கழுத்தில் ஈர்க்குச்சி கனம். துருப்பிடித்த ஆணியைச் சுற்றி மரம் கறுத்து, வெந்த பனங்கிழங்கு மாதிரி பிய்கிறது. அதே துளையில் புது ஆணி அடித்தால் பிடிப்பு இருக்காது. பழைய துளைக்கு மர முளை. ஆணிக்கு வேறிடம், ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளை போட்ட பிறகு. சொத்தையான மூன்று வங்குக்கும் (பலகைகளைத் தாங்கும் விலா எலும்பு போன்ற சட்டம்) பக்கத்தில் துணை வங்கு.

மே 5
அனல் காட்டி வளைத்த ஆயினிப் பலகை முறிந்தது. கணு சரியாக வளைவில். கணுவை முதலிலேயே பார்த்து ஒதுக்கியிருக்கலாம்.

மே 12
கத்திரி வெயில். பலகை இடுக்குகள் விரிந்து, சில இடத்தில் 3 நூல். பார்த்ததும் கலப்பத்துப் பஞ்சை, அதாவது இடுக்கை அடைக்கும் பஞ்சை, நெருக்கி அடிக்கத்தான் கை போகும். அடித்தால், தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊதிப் பஞ்சுக்கு இடமில்லாமல் ஆணியையும் வங்கையும் நெட்டித் தள்ளும். அதனால் மேலே கீற்றுப் பந்தல், பக்கத்தில் ஈரச்சாக்கு; நான்கு நாள் கழித்து இடுக்கு சற்றுக் கூடிய பிறகே எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரி. அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட வேண்டும்: நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். நொறுங்கினால் எண்ணெய் போதாது, கையில் ஒட்டினால் அதிகம்.

மே 27
மறுபடி பைபர் ஒட்டலாமா என்ற பேச்சு. வேண்டாம் என்று முடிவு. ஈரம் உள்ள மரத்தில் ரெசின் பிடிக்காது. ஒரு ஓரம் பெயர்ந்தாலும் உள்ளே போன தண்ணீர் காயாமல் மரத்தை அழுகவைக்கும்.

ஜூன் 8
இறக்கியாயிற்று. முதல் ராத்திரி பம்பு ஓயவில்லை. மரம் ஊதும் வரை இதை எதிர்பார்த்தே ஆக வேண்டும். எந்த இடுக்கில் வருகிறது என்று சாக்பீஸால் குறித்ததோடு சரி, எதையும் திருகவில்லை.

ஜூன் 10
கசிவு கிட்டத்தட்ட நின்றது. கரையில் நேராக வைத்த கப்ளிங் (என்ஜினையும் விசிறித் தண்டையும் சேர்க்கும் இணைப்பு) இப்போது மேல்பக்கம் வாய் விட்டிருக்கிறது. மிதக்கும்போது படகின் உடம்பு வேறு வடிவம் எடுக்கும் என்பதால் கரையில் பார்த்த அளவு செல்லாது. என்ஜின் காலடியில் தகடு வைத்து மறுபடி ஒரு நாள் வேலை.