மனச்சோர்வுக்கு ஆன்லைனில் சிகிச்சை எடுத்த அனுபவம்

மனச்சோர்வுக்கு ஆன்லைனில் சிகிச்சை எடுத்து முடித்திருக்கிறேன். சேரலாமா வேண்டாமா என்று தயங்குபவர்களுக்காக, உள்ளே என்னதான் நடக்கிறது என்று எழுதுகிறேன்.

பதிவு செய்ததும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் வந்தது. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, எதிலும் நாட்டமின்மை எல்லாம் எப்படி இருந்தன என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. எனக்கு 10-ஐத் தாண்டியிருந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வருகிறதா என்பது. உள்ளதை உள்ளபடி குறித்தேன்.

அன்றைக்கே ஒரு சிகிச்சையாளர் போன் செய்தார். இப்போது தனியாக இருக்கிறீர்களா, உடனே கூப்பிட யார் இருக்கிறார்கள், மனம் தாங்காமல் போனால் எந்த எண்ணுக்கு அழைப்பீர்கள் என்று நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஆன்லைனை நம்பிக் காத்திருக்கக் கூடாது, நேரே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்றும் அவரே சொன்னார். சேவையைத் தேடுபவர்கள் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்: இப்படி ஒரு பதில் வந்தால் கூப்பிட்டுப் பேச அங்கே ஆள் இருக்கிறார்களா?

சிகிச்சை முறை சிபிடி, அதாவது நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் கவனித்து மாற்றிக்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சை. வாரம் ஒரு பாடம், பயிற்சி, நடுவில் சிகிச்சையாளரிடமிருந்து எழுத்தில் பதில், தேவைப்பட்டால் அழைப்பு. என்னை அதிகம் மாற்றியது எண்ணப் பதிவேடுதான்: மனதை வருத்தும் எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் என்ன இருக்கிறது என்று இரண்டு பக்கமாகக் குறிக்க வேண்டும். நண்பர் ஒருவர் என் செய்திக்குப் பதில் போடவில்லை. ‘என்னைத் தவிர்க்கிறார்’ என்று எழுதினேன். அந்த எண்ணத்துக்கு ஆதரவாக நாலைந்து வரிகள் தானாக வந்தன, எதிராக ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் சிகிச்சையாளர் எழுதியிருந்தார்: “எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. முதல் வாரப் பதிவில், இவர் உங்களைப் பார்க்க வீட்டுக்கே வந்தார் என்று எழுதியிருந்தீர்களே?” எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. எழுத்தில் நடக்கும் சிகிச்சைக்கு இப்படி ஒரு பலம் உண்டு. சோர்வில் நாம் மறந்துவிடுகிற நல்லதெல்லாம் நம் எழுத்திலேயே கிடக்கிறது, இன்னொருவர் அதை எடுத்துக் காட்ட முடிகிறது.

ஆள் இல்லாமல் ஆப்பே எல்லாவற்றையும் சொல்லித்தரும் திட்டங்களும் உண்டு. அவற்றில் பாதியில் விட்டுவிடுபவர்கள் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சையாளர் துணையோடு நடக்கும் இணையவழி சிபிடி, நேரில் எடுக்கும் சிபிடிக்குக் கிட்டத்தட்ட இணையான பலன் தருகிறது. இப்படிச் சிகிச்சையாளர் துணையோடு நடக்கும் மைண்ட்ஸ்பாட் என்ற இணையச் சேவை ஆஸ்திரேலியாவில் 2012-இலிருந்தே அரசு நிதியில் நடக்கிறது. ஆள் துணை முக்கியம் என்றுதான் என் அனுபவமும் சொல்கிறது. யாரோ ஒருவர் படிப்பார் என்று தெரிந்ததால்தான் படுத்தே கிடந்த நாட்களிலும் ஒரு வரியாவது எழுதினேன்.

ஆன்லைன் சிகிச்சை எங்கிருந்தாலும் கிடைக்கும் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. காத்திருப்பு அறையில் நாலு பேர் பார்க்க உட்கார வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேச வீட்டில் ஓர் இடம் வேண்டுமே! அது இல்லாதவர்கள் எத்தனை பேர்! நான் பெரும்பாலும் எழுதியே பேசினேன். வீடியோ திக்கித் திக்கி வந்தால் வெறும் குரலுக்கு மாறிக்கொண்டோம், அழ வேண்டியிருந்தபோது எனக்கு அதுவே வசதியாக இருந்தது. தமிழில் பேசுபவர்தான் வேண்டும் என்று கேட்டதால் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது. அழுகையை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால் அந்தக் காத்திருப்பு தகும்.

முடிக்கும் முன் மீள்வருகைத் திட்டம் ஒன்று எழுதச் சொன்னார்கள். நோய் திரும்பி வந்தால் எனக்கு முதலில் என்ன தெரியும்? விடிவதற்கு முன்பே விழிப்பு வரும், போனை எடுக்க மாட்டேன், குளிப்பதைத் தள்ளிப்போடுவேன். அதன் பிரதி அக்காவிடம் இருக்கிறது. இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் என்னைக் கேட்காமலே சிகிச்சையாளருக்குத் தகவல் சொல்லலாம் என்று அவளுக்கு ஒப்புதலும் கொடுத்திருக்கிறேன்.