எஃப்7 விசைக்காக ரோச்சோருக்கு இரண்டு பயணங்கள்

வீட்டிலிருந்தபடியே தமிழ் மெய்ப்புத் திருத்தும் எனக்கு எஃப்7 விசை இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓடாது. நான் எழுதும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளில் எழுத்துப்பிழைச் சோதனையைத் திறப்பது அதுதான். பழைய விசைப்பலகை தேய்ந்துபோனதால், சிங்கப்பூரின் ரோச்சோர் பக்கம் உள்ள ஒரு கணினிக் கடையில் 109 வெள்ளி கொடுத்து இயந்திர விசைப்பலகை ஒன்றையும், கூடவே கம்பியில்லா மவுஸ் ஒன்றையும் வாங்கி வந்தேன். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் மடிக்கணினியில் செருகியதும் எழுத்துகள் வந்துவிட்டன. தமிழ் உள்ளிட உதவும் ஐபஸ்-எம்17என் மென்பொருளை முன்பே நிறுவியிருந்ததால் தமிழ்99 விசை அமைப்பிலும் தடையில்லை.

மேல் வரிசையில்தான் வினை இருந்தது. எஃப்7ஐ அழுத்தினால் முந்தைய பாடல் ஒலித்தது. கோப்பின் பெயரை மாற்ற எஃப்2ஐ அழுத்தினால் திரையின் வெளிச்சம் கூடியது. பக்கவாட்டில் விண்டோஸ், மேக் என்று இருந்த சிறு பொத்தானை இரு பக்கமும் தள்ளிப் பார்த்தும் பலனில்லை. பொருளே பழுது என்று முடிவுகட்டி, மறுநாள் மழையில் பெட்டியை நெகிழிப் பையில் சுற்றிக்கொண்டு, புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து டௌன்டவுன் பாதை ரயிலில் மீண்டும் ரோச்சோருக்குப் போனேன்.

கடைத் தம்பி அதைத் தம்முடைய கணினியில் செருகி, ஒரு பக்கத்தைத் திறந்து எஃப்5ஐ அழுத்தினார், பக்கம் புதுப்பித்துக்கொண்டது. "விண்டோஸில் ஒழுங்காகத்தானே போகிறது, அண்ணே? லினக்ஸுக்கெல்லாம் நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை. பெட்டியையும் பிரித்துவிட்டீர்கள், மாற்றித் தர முடியாது" என்றார். லினக்ஸில் அது வேறு விதமாக நடந்துகொள்வதை என் மடிக்கணினியில் காட்டுகிறேன் என்று கேட்டும், ஒரு நிமிடம் நின்று பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த அலட்சியம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைக்குக் கிளம்பும் முன்பே செய்திருக்க வேண்டியதை அன்றிரவுதான் செய்தேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில், கணினியின் உள் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைக் கண்காணிப்பு நிலையில் ஓடவிட்டு, விசைப்பலகையைக் கழற்றி மீண்டும் செருகினேன். சாதாரண விசைப்பலகை என்றால் அப்போது திரையில் வரும் வரி "ஹிட்-ஜெனெரிக்" என்று தொடங்கும். எனக்கு வந்ததோ "ஆப்பிள் 0003:05ஏசி:024எஃப்" என்று தொடங்கியது. 05ஏசி என்பது யூஎஸ்பியில் ஆப்பிள் நிறுவனத்துக்கு உரிய அடையாள எண். வேறொரு நிறுவனம் செய்த இந்த விசைப்பலகை அந்த எண்ணையே சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதால், லினக்ஸின் உட்கருவான கெர்னல் அதை, ஆப்பிள் விசைப்பலகைகளை இயக்கும் மென்பொருளான ஹிட்_ஆப்பிள் இயக்கியிடம் ஒப்படைக்கிறது. அந்த இயக்கியோ மேல் வரிசையை ஒலி, ஒளி விசைகளாகவே முதலில் எடுத்துக்கொள்கிறது. பொருளில் பழுதே இல்லை.

மேல் வரிசை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும், இயக்கியின் எஃப்என்மோட் என்ற அளவுருவில் 1 இருந்தது. அதை 0 ஆக்கியபோது எஃப் விசைகள் திரும்பின, ஆனால் எஃப்என் விசையோடு சேர்த்து ஒலியைக் கூட்டக் குறைக்க முடியவில்லை. 2 ஆக்கியதும் இரண்டும் கிடைத்தன. எஃப்7ஐ அழுத்தி, எழுத்துப்பிழைப் பெட்டி திறந்ததைக் கண்டபோது மனம் நிறைந்தது.

மறுநாள் காலை கணினியைத் திறந்தால் பழையபடி பாட்டு! அளவுருவை நேரடியாக மாற்றுவது அடுத்த துவக்கம் வரைதான் நிற்கும் என்பதால், இயக்கிகளுக்கான அமைப்புகள் இருக்கும் மோட்ப்ரோப்.டி கோப்புறையில் ஒரு கோப்பு உண்டாக்கி "ஆப்ஷன்ஸ் ஹிட்_ஆப்பிள் எஃப்என்மோட்=2" என்று எழுதினேன். அப்படியும் மாறவில்லை. பலரும் இந்த இடத்தில்தான் கைவிடுவார்கள் என்று நினைக்கிறேன். இந்த இயக்கி துவக்கத்தின் ஆரம்பத்திலேயே, இனிட்ராமெஃப்எஸ் என்ற தொகுப்பிலிருந்து ஏற்றப்படுகிறது. அந்தத் தொகுப்பை அப்டேட்-இனிட்ராமெஃப்எஸ் கட்டளையால் புதுப்பிக்காத வரை அதற்குள் நம் கோப்பு போய்ச் சேராது. புதுப்பித்து மறுதுவக்கம் செய்தபின் இன்றுவரை தொல்லையில்லை. புதிய கெர்னல்கள் இப்படிப்பட்ட சில விசைப்பலகைகளைப் பெயரைக் கொண்டு இனங்கண்டு தாமே சரிசெய்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாதவற்றுக்கு இதே வழிதான்.

மவுஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யூஎஸ்பி 3 வழி இணைத்த வன்தட்டில் கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் திரையில் சுட்டி விட்டுவிட்டு நகர்ந்தது. யூஎஸ்பி 3 இணைப்பு எழுப்பும் இரைச்சல், கம்பியில்லா மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும் என்பதை இன்டெல் 2012இலேயே எழுதி வைத்திருக்கிறது. கணினியில் செருகிய மவுஸின் ஏற்பியை வன்தட்டின் பக்கத்திலிருந்து எடுத்து, ஒரு முழம் நீட்டிப்புக் கம்பியில் மாட்டி மேசை மேல் வைத்ததும் சுட்டி சீராக ஓடியது.

லினக்ஸுக்கு விசைப்பலகை வாங்குகிறவர்கள் உபுண்டு நிறுவிய யூஎஸ்பி விரலியையும் மடிக்கணினியையும் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். பணம் கொடுக்குமுன், செருகிய யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை ஓட்டி 05ஏசி வருகிறதா என்று பாருங்கள். வந்தாலும் வாங்கலாம், மேற்சொன்ன கோப்பும் அப்டேட்-இனிட்ராமெஃப்எஸ் கட்டளையும் கையில் இருந்தால் போதும். வேறொரு கோளாறு தென்பட்டால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்ற பதிலுக்கு அங்கே இடமிருக்காது.