தாஹோவுக்கு மேலே ஏழு கிலோமீட்டர், ஒரு கீறலுக்கு 45 டாலர்

பின்சக்கரத்தின் கியர் மாற்றியில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். அதற்கு 45 டாலர் பிடித்துக்கொண்டார் சைக்கிளை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர். ஒரு நாள் வாடகையே 95 டாலர். செலவுக் கணக்கோடு வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது இருக்கும் எரிச்சலில் வரிசை வருமா என்று தெரியவில்லை.

அமெரிக்காவின் தாஹோ ஏரியில், நெவாடா மாநிலத்துப் பக்கத்தில் ஃப்ளூம் பாதை என்ற மலைச் சைக்கிள் பாதை இருக்கிறது. ஸ்பூனர் ஏரியில் தொடங்கி இன்கிளைன் வில்லேஜ் அருகே முடியும் சவாரி சுமார் 22 கிலோமீட்டர். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வராது என்பதால், முடியும் இடத்தில் காரை விட்டுவிட்டு வேன் பிடித்துத் தொடக்கத்துக்குப் போனோம். வேன்காரரிடம் எனக்குச் சண்டை இல்லை.

முதல் எட்டு கிலோமீட்டர்தான் சோதனை. புறப்படும் இடமே 2,100 மீட்டர் உயரம். அங்கிருந்து இன்னும் ஏற்றம். பாறை உதிர்ந்து மணலாகிக் கிடக்கும் பாதையில் சக்கரம் சுற்றுகிறது, சைக்கிள் நகர மறுக்கிறது. ஆஸ்பென் மரங்கள் அழகுதான், தலையை நிமிர்த்திப் பார்க்கத் தெம்பு இருந்தால். மூன்று இடங்களில் இறங்கித் தள்ளினேன். "அண்ணா, வாடகை கொடுத்தது ஓட்டுவதற்கா, தள்ளுவதற்கா?" என்றான் தம்பி. பதில் சொல்ல மூச்சு இல்லை.

மார்லெட் ஏரி வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. 1870களில் வர்ஜினியா சிட்டியின் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் அங்கிருந்த மக்களுக்கும் இந்த ஏரியின் தண்ணீரைக் கொண்டுபோனார்கள். அதற்காக மலைச்சரிவைச் செதுக்கி மரக் கால்வாய் அமைத்தார்கள்; ஃப்ளூம் என்றால் அதுதான். தண்ணீர் தானாக ஓட வேண்டும், கரையை மீறிப் பாயவும் கூடாது. ஆகவே சரிவு மிக மெல்லியது, சீரானது. கால்வாய் போய்விட்டது, அது உட்கார்ந்திருந்த திட்டு மட்டும் மிச்சம். ஏழு கிலோமீட்டர் அதன்மேல்தான் சவாரி. அந்தக் காலத்துக் கூலியாட்கள் வெட்டிவைத்த சமதளத்தில் நான் நோகாமல் மிதித்துக்கொண்டு போனேன்.

அகலமோ தண்ணீருக்கு வைத்த அளவு. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் 450 மீட்டர் கீழே தாஹோ! கரையோரம் வெளிர்பச்சை, கொஞ்சம் தள்ளி நீலம், அதற்கப்பால் மை. சாண்ட் ஹார்பர் அருகே தண்ணீருக்குள் கிடக்கும் உருண்டைப் பாறைகள் அவ்வளவு உயரத்திலிருந்தே தெரிகின்றன. ஏரியின் ஆழம் 501 மீட்டர். நாங்கள் நிற்கும் உயரத்தைவிட அது அதிகம் என்று தம்பி கணக்குப் போட்டுச் சொன்னபோது எனக்கு முழங்கால் லேசாக நடுங்கியது. உயரம் என்றால் பயப்படுகிறவர்கள் இந்தப் பாதைக்கு வரவே வேண்டாம். ஓட்டிக்கொண்டே ஏரியைப் பார்க்கிறேன் என்பவர்களும் வேண்டாம். சைக்கிள் தானாக நாம் பார்க்கும் திசைக்கே திரும்புகிறது. நின்று பாருங்கள். நான் நூறு மீட்டருக்கு ஒருமுறை நின்றேன்.

கடைசி இறக்கம் செங்குத்து, மறுபடியும் மணல். முன்பிரேக்கை அவசரமாக அழுத்தி ஒருமுறை சாய்ந்தேன், மறைக்கவில்லை. ஆனால் சாய்ந்தது இடப்பக்கம். கியர் மாற்றி இருப்பது வலப்பக்கம். இதைக் கடையில் மூன்று முறை விளக்கினேன். முன்பணம் அவர் கையில் இருந்ததால் என் விளக்கத்தைச் சிரித்தபடி கேட்டுக்கொண்டார்.

"காலையில் எடுத்த படம் இருந்தால் காட்டுங்கள்" என்றார். கைபேசியைத் திறந்தேன். ஏரியின் படங்கள் 163. சிலவற்றின் ஓரத்தில் சைக்கிளின் கைப்பிடி தெரிகிறது. பின்சக்கரம் ஒன்றில்கூட இல்லை.